நாற்பது நாள் பிள்ளையும் நான் பூட்டிய சர்வரும்

சர்வர் ஒழுங்காக ஓடினால் "இதுக்கு ஒரு ஆளா?" என்பார்கள், நின்றுபோனால் "அந்த ஆள் எங்கே?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. கீழக்கரையில் நெய்னா காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நடத்திய பிரவுசிங் சென்டரில் சில வருடங்கள் நான்தான் அந்த ஆள். பிராட்பேண்ட் வந்த புதிது. ஒரு சர்வர், அதன் வழியாக இணையம் பெறும் ஆறு கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான் கடை. ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் இருந்ததால் வருகிறவர்களில் பெண்களே அதிகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள். நான் பட்டதையும் படித்து ஆறுதல் அடையுங்கள்.

காற்று வாங்கும் பெட்டி

சர்வரின் முதல் எதிரி எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடன் என்று படித்துவிட்டுத்தான் கமுதியிலிருந்து வந்தேன். கமுதியில் புழுதி உண்டு, உப்பு கிடையாது. இங்கே வந்த பிறகுதான் முதல் எதிரி ஜன்னல் என்று தெரிந்தது. கடல் காற்று நுழைகிற இடத்தில் எல்லாம் உப்பு படியும். கொஞ்ச நாளில் நெட்வொர்க் கார்டில் பச்சையாகக் களிம்பு ஏறி, இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். பள்ளிக்கூடத்து அழிரப்பர் வாங்கி வந்து தேய்த்தால்தான் மறுபடி உயிர் வரும். கடலோரத்தில் சர்வர் வைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருளை அப்புறம் வாங்கலாம், முதலில் ஜன்னலைச் சாத்துங்கள்.

நான் சாத்துவேன். காக்கா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து திறந்து வைப்பார். சர்வர் அறையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும் என்பது அவர் எண்ணம். கடைசியில் ஒருநாள் ஜன்னலுக்கு ஆணியே அடித்துவிட்டேன். காக்கா ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காத்த வாங்கத்தாம்லே மதுரையில இருந்தெல்லாம் சனம் பஸ்ஸேறி வருது. உன் பொட்டிக்கு மட்டும் ஒத்துக்கலங்கிறியே!"

தெருவுக்கே தெரிந்த ரகசியம்

சபுரா லாத்தா, அதாவது சபுரா அக்கா, எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர். அவர் மகள் நசீமாவின் மாப்பிள்ளை ரபீக் சவுதியில் வேலை பார்த்தான். மகள் கர்ப்பமாக இருந்ததால் லாத்தாதான் கடைக்கு வந்து, வந்த மெயிலை அச்செடுத்து வாங்கிப் போவார். அவருக்கு டைப் அடிக்க வராது. கடைக்குள் நுழையும்போதே பாஸ்வேர்டை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுவார், நான் அடிக்க வேண்டும். அந்த ரகசியம் மாப்பிள்ளையின் பெயர்தான்.

பாஸ்வேர்ட் ஒற்றை வார்த்தையாக இருக்கக் கூடாது, நமக்கு மட்டும் தெரிந்த நீளமான ஒரு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. லாத்தாவிடம் அரை மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நல்ல வாக்கியம் ஒன்றை அவரே யோசித்து வைத்துவிட்டும் போனார். அடுத்த வாரம் அவரோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். லாத்தா முதல் பாதியைச் சொல்ல, அவர்கள் மீதியைச் சொன்னார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்து லாத்தாவுக்குக் கோபம்: "அம்புட்டு நீளத்த நா ஒருத்தியா எப்பிடித் தம்பி சொமக்கிறது? மறந்து போனா எடுத்துக் குடுக்க நாலு பேரு வேணாமா?"

காக்காவின் தூக்கம்

கடையில் இருந்த மென்பொருள் எல்லாம் திருட்டுக் காப்பி. அந்தக் காலத்தில் யார் கடையில் இல்லை? ஆனால் திருட்டுக் காப்பிக்கு ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்புகள் வராது. வருகிற வைரஸ் பூச்சி எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கு, இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடு. நடுவில் நிற்காதே என்பது என் கருத்து. காக்காவிடம் பூச்சியைப் பற்றிச் சொன்னபோது அவர் காதில் விழவில்லை. "அடுத்தவன் பொருளு காக்கா இது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வந்து நின்றார்: "ராத்திரி பூரா தூக்கம் போச்சுலே. எல்லாத்தையும் மாத்திப்புடு. ஆனா மாத்துனது ஒரு ஆளுக்கும் தெரியப்படாது!"

பூட்டு

மாற்றினேன். சர்வரும் ஐந்து கம்ப்யூட்டர்களும் லினக்ஸுக்கு வந்தன. கேமரா வைத்திருந்த ஆறாவது மட்டும் வரவில்லை. அந்தக் கேமரா லினக்ஸில் வேலை செய்ய மறுத்ததால் அது பழைய திருட்டுக் காப்பியிலேயே கிடந்தது.

அந்த ஒன்றுக்காகவே சர்வரில் எல்லா வழிகளையும் அடைத்தேன். இணையப் பக்கம் போகும், மெயில் போகும், வேறு எதுவும் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. முதலில் எல்லாவற்றையும் அடை, கேட்டு வருகிறவனுக்கு மட்டும் திற. இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காக்கா மட்டும் சந்தேகமாகவே பார்த்தார்: "வூட்டப் பூட்டிட்டு வாசல்ல நின்னு, ஒருத்தரும் வரலன்னு சந்தோசப்படுறவன இப்பத்தாம்லே பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை

நசீமாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரபீக் போட்டோ அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டான். என் பிள்ளையை முதலில் அசையத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம். நாற்பது நாள் கழியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். நாற்பது கழிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ரபீக்குக்கு அங்கே லீவு. ஜும்மா தொழுகை முடிந்து கம்பெனி வண்டியில் டவுனுக்கு வந்து ஒரு நெட் சென்டரில் உட்காருவான். மறுநாள் பாலைவனத்தில் ஏதோ ஒரு குழாய் வேலைக்குப் போகிறான். போனால் பல மாதங்களுக்கு அங்கே நெட்டும் கிடையாது, கேமராவும் கிடையாது.

லாத்தா, நசீமா, துணியில் சுற்றிய குழந்தை என்று மூன்று பேரும் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ரபீக் டைப் அடித்தது இணையப் பக்க வழியாக வந்தது. படம் வரவில்லை, குரலும் வரவில்லை. திரையில் ஒரு கறுப்புக் கட்டம்தான். "பிள்ளை எங்கே?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வழியை அடைத்தது என் பூட்டுதான். வீடியோ எந்தெந்த வழியாகப் போகும் என்று தேடித் திறக்க அரை நாள் ஆகும். அவன் வண்டியோ அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும்.

ஒரே வழிதான் இருந்தது. சர்வரைத் தாண்டி அந்தக் கம்ப்யூட்டரின் வயரை நேராக மோடத்தில் செருக வேண்டும். "செருகுனா அஞ்சு நிமிசத்துல பூச்சி ஏறிடும் காக்கா" என்றேன். "மொதல்ல வாப்பாக்காரன் புள்ளையப் பாக்கட்டும். பூச்சியப் பொறவு பாப்போம், செருகுலே" என்றார். செருகினேன். கறுப்புக் கட்டத்தில் ரபீக்கின் முகம் வந்தது.

வந்த கொஞ்ச நேரத்திலேயே பூச்சியும் வந்தது. இன்னும் அறுபது நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று திரையில் ஒரு பெட்டி முளைத்து, எண் குறைய ஆரம்பித்தது. அதை நிறுத்த ஒரு கட்டளை உண்டு. கேமராவில் என் தலை தெரியாமல் இருக்கத் தரையில் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்து அடித்தேன். பெட்டி மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி அடித்தேன். "அதென்ன தம்பி நம்பரு கொறையுது? மருமவன் ஊருக்கு வார நாளா?" என்றார் லாத்தா. நான் அடுத்த கட்டளையை அடித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நடந்தும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை. லாத்தா உள்ளங்காலைச் சுண்டினார், கன்னத்தைத் தட்டினார். ரபீக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வெளியே வண்டி ஹாரன் அடிப்பது ஹெட்போனில் கேட்கிறது என்று நசீமா கலங்கினாள். எண் மறுபடி குறைந்துகொண்டே வந்தது. அப்போது பிள்ளை முகத்தைச் சுளித்து, கைகளை முறுக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. ரபீக் கேமராவை நோக்கிக் குனிந்ததில் திரை முழுவதும் அவன் நெற்றிதான் தெரிந்தது. பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தரையில் உட்கார்ந்திருந்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் நான் கட்டளை அடிக்கவில்லை. அவன் எழுந்து கையசைத்து முடிக்கவும் கம்ப்யூட்டர் அணையவும் சரியாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டி வந்தது. அன்று வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாத நசீமா, கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று சொன்னாள்: "'எங்க வாப்பா மாதிரியே வாயத் தொறக்குறான்'னு அவங்க சொன்னாங்க அண்ணே."

சர்வர் பாதுகாப்புக்கு யோசனை கேட்டால் எல்லா வழிகளையும் அடைக்கத்தான் இன்றும் சொல்வேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.