அரைஞாணில் இருந்த சாவி

கொல்லைப்புறத்து மோட்டார் ஷெட்டில், மெயின் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டுவதற்கென்றே ஒரு பித்தளைப் பூட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் கிணற்று மோட்டார் ஓடாமல் போய் எலக்ட்ரீஷியன் வந்தான். சுவிட்சை இறக்கி, ஃபியூஸ்களைக் கழற்றி, கைப்பிடியைப் பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்தேன். வேலை முடிந்ததும் நீயேதான் கொண்டுவந்து தர வேண்டும் என்றும் சொன்னேன். ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஊரார் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள். அதைச் சிரித்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இதே போன்ற ஒரு சாவி, அறுத்த கறுப்புக் கயிற்றோடு ஒரு மேசை மேல் கிடந்ததை ஒரு பிற்பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைத் தொட மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்திருந்த சப் ஸ்டேஷன் ஆபரேட்டரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், டிப்ளமா முடித்த கையோடு மின்சார வேலைக்குப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். பாலக்காட்டில் கோயிலைச் சுற்றிய தெரு ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் தெருப் பையன்கள் பாங்கிலோ பள்ளிக்கூடத்திலோ நிழலில் உட்காருவதுதான் வழக்கம். கம்பத்தில் ஏறப் போகிறவன் என்று என்னைப் பார்த்துச் சிலர் வருத்தப்பட்டார்கள். முதல் சில மாதங்கள் ஊரிலேயே வகுப்பு நடந்தது. ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே அடைபட்ட காற்று எங்காவது கசிகிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்ப்பது, கயிற்றில் முடிச்சு போடுவது, மின்சாரம் தாக்கியவனுக்கு மூச்சு கொடுப்பது என்று போயிற்று. மூச்சு கொடுக்கும் பாடத்துக்கு ஒருவன் செத்தவனாகக் கிடக்க வேண்டும். கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம் என்பதால் அந்த வேஷத்துக்கு எப்போதும் போட்டி இருந்தது.

எல்லாவற்றையும் விட எங்கள் மண்டையில் ஏற்றியது லைன் கிளியர் என்ற ஏற்பாட்டை. ஒரு லைனில் ஆட்கள் ஏறி வேலை செய்ய வேண்டுமானால், வேலையை நடத்துகிறவர் சப் ஸ்டேஷனுக்கு வந்து அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, லைனைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை விலக்கி, அதன் கைப்பிடியைப் பூட்டி, சிவப்புப் பலகை மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை அவரிடம் கொடுப்பார். வேலை முடிந்ததும், ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், லைனைத் தரையோடு இணைத்திருந்த எர்த் ராடுகளை எடுத்துவிட்டேன் என்று சாவியை வாங்கியவரே வந்து சொல்லித் திருப்பித் தர வேண்டும். அவருடைய மச்சான் தரக் கூடாது, அவருக்கு மேலே உள்ளவரும் தரக் கூடாது. இதை நாங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வாங்கியவர் செத்துப்போனால் யார் தருவது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. புத்தகத்திலும் இல்லை.

பிறகு எங்களை மலைக்கு அனுப்பினார்கள். போடிமெட்டுக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய சப் ஸ்டேஷன். அங்கிருந்து கிளம்பும் லைன்கள் தேயிலை எஸ்டேட்டுகளுக்கும் ஏலக்காட்டுக்கும் போயின. பயிற்சியாளர்கள் ஒரு வாரம் கண்ட்ரோல் ரூமிலும் மறு வாரம் லைன் ஆட்களோடும் இருக்க வேண்டும். எனக்கு அறைத்தோழனாக வந்தவன் சூரியநெல்லி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் மகன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவ வேண்டும் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தடவினேன். அட்டைகள் பொருட்படுத்தவில்லை.

எங்கள் ஷிப்டு ஆபரேட்டருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். குரங்குக் குல்லாவைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதும் வேலையைப் பயிற்சியாளர்களிடம் தள்ளிவிட்டு, வாரப் பத்திரிகையின் தொடர்கதையில் மூழ்கியிருப்பார். யாருடைய டிபன் பாக்ஸ் திறந்தாலும் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்துவார். யார் எதைக் கேட்டாலும் எழுதித் தா என்பார். சாயா குடிக்கப் போகட்டுமா என்று கேட்டதற்குக்கூட என் அறைத்தோழனிடம் எழுதித் தரச் சொன்னார். அவனும் எழுதிக் கொடுத்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று முதல் நாங்கள் வைத்த பெயர் எழுதித்தா அண்ணாச்சி. அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில் ஓவர்சியர் வந்து போடிமெட்டு லைனுக்கு லைன் கிளியர் வாங்கினார். அவர் கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பத்துக்காரர், சத்தமாகப் பேசுவார். சாவி எங்கும் விழுந்துவிடக் கூடாது என்று அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வது அவர் வழக்கம். வாங்குகிறவர் சாவியை எங்கே வைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நான் அந்த வாரம் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். அறைத்தோழன் லைன் ஆட்களோடு போனான்.

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இதில் மர்மம் வைக்க ஒன்றுமில்லை. மத்தியானச் சோற்றுக்கு முன் ஓவர்சியர் என் அறைத்தோழனையும், மரக்கிளை வெட்ட வந்த உள்ளூர்க் கூலிக்காரர் ஒருவரையும் ஏலக்காட்டுக்குள் மலையின் அந்தப் பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு கம்பத்தில் உடைந்த இன்சுலேட்டரை மாற்ற வேண்டியிருந்தது. நான் விசில் ஊதும்போது இறங்கி வாங்கடா என்றாராம். மற்றவர்களிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஜீப்பில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டார். செய்தி வந்ததும் லைனடியில் ஹெட் லைன்மேன் தன் ஆட்களை எண்ணினார். வருகைப் பதிவேட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கீழே நின்றார்கள். பயிற்சியாளர் பெயரும் அன்றாடக் கூலி பெயரும் அந்தப் பதிவேட்டில் கிடையாது. எர்த் ராடுகளைக் கழற்றி ஜீப்பில் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய், இறந்தவரின் அரைஞாணை அறுத்துச் சாவியை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த நேரத்தில் என் அறைத்தோழன் மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்தின் மேல் இருந்தான்.

ஹெட் லைன்மேன் சாவியை மேசை மேல் வைத்தார். கண் சிவந்திருந்தது; ஓவர்சியருக்கு ஊர்க்காரர் அவர். ஆட்கள் இறங்கியாச்சு, லைனைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆபரேட்டர் பத்திரிகையை மூடினார். சாவியைத் தொடவில்லை.

"வாங்கினவுகதான் திருப்பணும்" என்றார்.

"ஏனுங்க, செத்துப்போனவரு எந்திரிச்சு வருவாருங்களா?"

"வர மாட்டாவ. அதுக்கு நான் என்ன வே செய்ய?"

ஹெட் லைன்மேன் என்னைப் பார்த்தார். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு ஓவர்சியர் இறந்ததே அப்போதுதான் தெரியும். துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மீட்டர் பார்க்கும் நேரமாகியிருந்ததால் எழுந்து போய்ப் பார்த்து எழுதினேன். அந்த லைனின் அம்பியர் பூஜ்யம். அறைத்தோழன் உடலோடு ஆஸ்பத்திரியில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதுகூட மிகை.

டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. முதலில் தேயிலை பாக்டரி. வாட்டுகிற தொட்டியில் கொழுந்து கிடக்கிறது, ஜெனரேட்டர் ரிப்பேர், இன்னும் கொஞ்ச நேரத்தில் கொழுந்து புளித்துவிடும் என்றார்கள். பிறகு உதவிப் பொறியாளர் பேசினார். அவருக்குச் செய்தி முதலில் கொழுந்து வழியாகப் போய், அப்புறம்தான் சாவு வழியாகப் போயிருந்தது. லைனைச் சார்ஜ் செய்யச் சொன்னார். ஆபரேட்டர் எழுந்து நின்றுகொண்டு, போனில் சொன்னால் போதாது, எழுதித் தாருங்கள் சார் என்றார். அந்தப் பக்கத்தில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. ஆபரேட்டர் பயந்துவிட்டார். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். புத்தகம் என்ன சொல்கிறது என்று பொறியாளர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை சார் என்றேன். அது உண்மைதான். நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டார். கீழே இருந்து அவர் மலையேறி வர, பனிமூட்டத்தில் நேரமாகும்.

காத்திருந்தோம். ஹெட் லைன்மேன் வாசலில் நின்று பீடி பிடித்தார், ஒரு தரம் உள்ளே வந்து, "மனுசன் போனதுக்கு அழுவறதா, உங்ககூட மல்லுக்கட்டறதாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆபரேட்டர் தொடர்கதையைத் திறந்து வைத்திருந்தார், பக்கம் திரும்பவில்லை. சாவி அவருக்கும் எனக்கும் நடுவில் கிடந்தது. கயிறு வியர்வையில் ஊறி, அறுத்த முனை பிரிந்திருந்தது. பாக்டரியில் இருந்து மறுபடி அடித்தார்கள். எடுக்காதே என்றார் ஆபரேட்டர்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு அறைத்தோழன் வந்தான். பின்னால் கூலிக்காரர், தோளில் உடைந்த இன்சுலேட்டரோடு. இருவர் காலிலும் ரத்தம், அட்டைக் கடி. ஹெட் லைன்மேனின் வாயில் இருந்து பீடி விழுந்தது.

"ஓவர்சியரு எங்க அண்ணாச்சி? விசில் ஊதுவாரு ஊதுவாருன்னு மேலயே இருந்தோம். கை மரத்துப் போச்சு. ஒரு விசிலும் கேக்கல, நாங்களா இறங்கி நடந்து வந்துட்டோம்" என்றான்.

ஆபரேட்டர் தலை நிமிராமல் கேட்டார். "எப்ப இறங்கின?"

"இப்பத்தான். நடந்து வர்ற நேரந்தான்."

ஹெட் லைன்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஓவர்சியர் இறந்ததை நான்தான் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் சரி என்றான். பிறகு சாயா இருக்கிறதா என்று கேட்டான். உதவிப் பொறியாளர் வந்து சேர்ந்தபோது அவன் என் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபரேட்டர் அதை ஒரு தரம் வாசித்துவிட்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தார். கயிற்றை அவிழ்க்க முடியாமல் அதோடேயே பூட்டைத் திறந்தார். கொழுந்து புளித்துவிட்டிருந்தது. ஓவர்சியரின் உடல் மறுநாள் போடி இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி சுற்றிச் சொந்த ஊருக்குப் போயிற்று. கேரளத்தில் இருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாடுதான் எங்களுக்கு வழி.

பத்து நாள் கழித்து மெமோ வந்தது, ஆபரேட்டருக்கு. மின்சாரம் கொடுப்பதில் தேவையற்ற தாமதம், விளக்கம் தருக. என் இங்கிலீஷ் மேல் நம்பிக்கை வைத்துப் பதில் எழுதச் சொன்னார். லைனில் ஆட்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்று முன்கூட்டியே உணர்ந்து செயல்பட்டதாக அழகாக எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அந்த வரியை அடித்தார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தோணல. எழுதித் தரல, போடல, அம்புட்டுதான். முன்கூட்டியே உணர்ந்தேன்னு எழுதினா, அடுத்த வாட்டி உணரலன்னு ஒரு மெமோ தருவான்."

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த அலுவலக ஞானத்தை, பிற்பாடு நான் பெரிய பதவிகளில் உட்கார்ந்தபோதும் எங்கும் கேட்கவில்லை. அவரை வேறெங்கோ மாற்றினார்கள். போகும் நாளில் அறைத்தோழன் அவருக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்தான். அவர் எழுதித் தரக் கேட்கவில்லை. நன்றி என்று அவன் சொல்லவில்லை, அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வெகுகாலத்துக்குப் பின் நடைமுறை விதிகளைத் திருத்துகிற குழுவில் என்னையும் போட்டார்கள். லைன் கிளியர் வாங்கியவர் இறந்தாலோ நினைவிழந்தாலோ என்ன செய்வது என்ற பிரிவை எழுதியது நான்தான். பயிற்சியாளர், கூலியாள் உட்பட ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எண்ண வேண்டும் என்ற வரியும் என்னுடையது. நல்ல வரி. அதில் யாருடைய பெயரும் இல்லை. அறைத்தோழன் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறான். போனில் பேசும்போது சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம்.

எங்கள் எலக்ட்ரீஷியன் வேலையை முடித்துவிட்டு என்னிடம் சொல்லாமலே போய்விட்டான். சாவியைக் கேட்டில் தொங்கவிட்டிருக்கிறேன், சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னான். வந்து தந்துவிட்டுப் போ என்றேன். வேறு வீட்டில் இருக்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்றான். அவனே சொல்லிவிட்டான், வேலை முடிந்துவிட்டது, ஷெட்டில் யாரும் இல்லை. எல்லாம் எனக்கும் தெரியும்.

"ஏன்னா, தொட்டியில சொட்டு ஜலம் இல்லை. சாவிதான் கேட்டில தொங்கறதே, எடுத்துத் தொறந்தா என்னவாம்?" என்று என் மனைவி சமையலறையில் இருந்து கேட்டாள்.

அவன் வரட்டும் என்றேன். நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தேன். கேட்டுக் கம்பியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை பக்கம் திருப்பவில்லை.