மிச்சம் பிடித்த டீசல்

அரசு அலுவலகத்தில் திருடுகிறவனை விட மிச்சம் பிடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று சொன்னால் வெளியே இருப்பவர்கள் சிரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். திண்டுக்கல்லில், மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் துறையில், கணக்குப் பிரிவில் காலத்தை ஓட்டியிருக்கிறேன். மாட்டைத் தொட்டதில்லை. மாட்டுக்கு வரும் ஒதுக்கீட்டைத்தான் தொட்டிருக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரம்பு வரும். மருந்துக்கு இவ்வளவு, வண்டி எரிபொருளுக்கு இவ்வளவு, காகிதத்துக்கு இவ்வளவு. ஏப்ரலில் வந்த வரம்பு மார்ச் வரை அப்படியே இருக்கும் என்று நம்புகிறவர் இந்த வேலைக்குப் புதியவர். செப்டம்பர் முடிந்ததும் மேலிடத்திலிருந்து கேட்பார்கள்: இதுவரை என்ன செலவு, இனி என்ன தேவை. இனி என்ன தேவை என்பதற்கு நாம் எதை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. ஆறு மாதச் செலவை இரண்டால் பெருக்குவார்கள். அது வரம்பை விடக் குறைவாக இருந்தால் மீதியை எடுத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் திருத்திய மதிப்பீடு.

அதனால் ஆகஸ்டு பிறந்தாலே எங்கும் செலவு காட்டுகிற வேலை தொடங்கிவிடும். நன்றாக இருக்கிற திரைச்சீலையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவார்கள். பீரோ கொள்ளாத அளவுக்குக் காகிதம் வந்து இறங்கும். வண்டிகள் எதற்கென்று தெரியாமல் ஓடும். இதைச் செய்யத் தெரியாதவரை விவரம் இல்லாதவர் என்போம்.

அப்படி விவரம் இல்லாதவராக வந்து சேர்ந்தார் ஒரு டாக்டர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கிராமங்களுக்குப் போகும் சிகிச்சை வண்டி அவர் பொறுப்பில் இருந்தது. கோடையில் அவர் அந்த வண்டியை எடுத்த சிக்கனத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. நத்தம் பக்கம் ஒரு மாடு படுத்திருக்கிறது என்றால், அந்த வழியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் சொல்லிவைத்து ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வருவார். பக்கத்து ஊர்களுக்குத் தன் பைக்கிலேயே போய்விடுவார். நோய் நொடியெல்லாம் மழைக்காலத்தில்தான் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் வண்டி நிற்காமல் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும் என்பது அவர் கணக்கு. மாட்டைப் பொறுத்தவரை அது சரியான கணக்குதான்.

“சார், ஆகஸ்டுக்குள்ள செலவு காட்டிருங்க. இல்லேன்னா புடுங்கிக்குவாங்க” என்றேன்.

“மழை வந்தாத்தானுங்க மேடம் டீசலுக்கு வேலையே இருக்குது. காரணத்த எழுதிக் குடுத்தாப் புரிஞ்சுக்க மாட்டாங்களா?”

எழுதிக் கொடுத்தார். எந்த மாதத்தில் எந்த நோய் வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். அக்டோபர் கடைசியில் திருத்திய வரம்பு வந்தது. எரிபொருள் தலைப்பில் பாதி போயிருந்தது. அது இன்னொரு மாவட்டத்துக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. அவர்கள் ஆகஸ்டுக்குள்ளேயே முழுவதையும் தீர்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் உயர் அதிகாரியிடம் போய் நின்றார். “மொதப் பாதிய சமாளிச்ச மாதிரியே மிச்சத்தையும் சமாளிங்க” என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார் அதிகாரி.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பாதியில் டீசல் தீர்ந்தது. வரம்பைத் தாண்டி ஒரு லிட்டருக்குப் பில் போட்டாலும் கருவூலத்துக் கணினி ஏற்காது. சொந்தக் காசில் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் பில் இல்லாத டீசலில் வண்டி ஓடினால் தணிக்கையில் டிரைவர் தலையில்தான் விழும். அவர் சாவியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி அலுவலக வாசலில் நனைந்துகொண்டு நின்றது. டாக்டர் மருந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் அலைந்தார்.

அப்போதுதான் எரியோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். அலுவலகத் தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது.

“முந்தாநேத்து கன்னு போட்ட மாடும்மா. விடியக்காலம் படுத்தது, எந்திரிக்கவே மாட்டேங்குது. கழுத்த மடக்கி வகுத்து மேல வச்சுக்கிட்டுக் கெடக்கு. காதெல்லாம் சில்லுன்னு இருக்கு. வண்டிய அனுப்பி விடுங்கம்மா. அது ஒண்ண வச்சுத்தான் எம்மகளப் படிக்க வைக்கிறேன்.”

மாட்டைத் தொடாத எனக்கே அது என்னவென்று தெரிந்தது. பால் காய்ச்சல். கன்று போட்ட கறவை மாட்டுக்கு உடம்பில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கிவிடும். நரம்பில் கால்சியம் ஏற்றினால், போய்விட்டது என்று நினைத்த மாடு எழுந்து நின்று தண்ணீர் குடிக்கும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருந்துத் தலைப்பில் யாரும் கை வைக்கவில்லை. கால்சியம் பாட்டில்கள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தன. கொண்டுபோகத்தான் வழி இல்லை.

அந்த ஊருக்கான கால்நடை மருந்தகத்தில் டாக்டர் பணியிடம் காலி. அவசர எண்ணில் கூப்பிட்டால் வரும் வண்டி பழனிப் பக்கம் போயிருந்தது. எங்கள் டாக்டர் சித்தையன்கோட்டையில் இருந்தார். அது நேர் எதிர்த்திசை. நான் சொன்னதும் அங்கிருந்து கொட்டும் மழையில் கிளம்பிவிட்டார்.

அந்த அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

“கெளம்பிட்டாகளாம்மா?”

“வந்துக்கிட்டே இருக்காரும்மா.”

“செத்த நேரத்துல வந்துருவாகள்ல?”

வந்துவிடுவார் என்றேன். வேறென்ன சொல்வது. கடைசியாகக் கூப்பிட்டது அவருடைய மகள்.

“டாக்டர மழையில வரவேணாம்னு சொல்லிருங்க மேடம்” என்றாள்.

அவள் திண்டுக்கல்லில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாத வீடு. படிப்பு பாதியில் நின்றது. பொங்கல் கழிந்ததும் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மாட்டுக்கு இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்க வந்தபோது அந்த அம்மாதான் இதைச் சொன்னார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த ஏப்ரலில் புது வரம்பு வந்த அன்று டாக்டர் என் மேசைக்கு வந்து நின்றார்.

“எப்படிச் செலவு காட்டறதுன்னு சொல்லிக் குடுங்க மேடம்” என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். நல்ல மனிதர் ஒருவர் கெட்டுப்போவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கொடுமை. அவர் பைக்கை எடுப்பதை நிறுத்தினார். யாரும் கூப்பிடாத நாளிலும் வண்டி புறப்பட்டது. ஒரு நாள் நத்தம், ஒரு நாள் எரியோடு, வேலை இருந்தால் டாக்டரோடு, இல்லாவிட்டால் டிரைவர் மட்டும். செலவு வரம்பை ஒட்டியே ஏறியது. இந்தத் தடவை யாரும் எடுக்க முடியாது என்று எனக்கே தைரியம் வந்தது.

ஆடி மாதத்தில் அந்த அம்மா மனு என்னவாயிற்று என்று கேட்க வந்தார். மேலே போயிருக்கிறது என்றேன். அவர் நகரவில்லை.

“எங்க ஊருக்கு அடிக்கடி உங்க வண்டி வருதேம்மா. காலைல மில்லு வண்டி எம்மகள ஏத்திக்கிட்டுப் போகுது. அது பின்னாலயே உங்க வண்டி வருது. ஒரு வீட்டுலயும் நிக்கல, உள்ள டாக்டரும் இல்ல. யாருக்கும்மா வைத்தியம் பாக்குறாக?”

எனக்கு அவமானமாக இருந்தது. ஆறு மாதம், இரண்டால் பெருக்குவது, திருத்திய மதிப்பீடு எல்லாம் எனக்கு மனப்பாடம். அதை எந்த வாயால் அவரிடம் சொல்வேன்.

“இப்ப ஓடுனாத்தாம்மா மழைக்காலத்துக்கு டீசல் குடுப்பாங்க” என்றேன் ஒரு வழியாக.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப இந்த மழைக்கு வண்டி வந்துரும்” என்றார். “எதுத்த வீட்டுல சொல்லி வைக்கிறேன். அவுகளும் மாட்ட வச்சுத்தான் பிள்ளையப் படிக்க வைக்கிறாக.”