தேவையான பிற செயல்கள்

என் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அவளுடைய குறிப்பேட்டைத் திறந்து தருமாறு ஒரு பேரவைக்கு விண்ணப்பித்தேன். பேரவை என்பது பெரிய சொல்தான். விருதுநகர் வட்டாரத்துக் கரிசலில் முளைக்கும் செடிகளைப் படமெடுத்து, ஊருக்கு ஊர் மாறும் பெயர்களோடு பதிந்துவைக்கும் இணையக் குழுமம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரே அந்தப் பேரவை.

அவள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள். நான் அரசமைப்புச் சட்டம் கற்பித்தவன். ஆவாரையைத் தவிர வேறு செடி அறியேன். விதிகள் எழுதத் தெரியும் என்பதற்காக அவள்தான் என்னைக் குழுமத்தில் சேர்த்தாள். பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பது, தவறான பதிவுகளை நீக்குவது, நெறியாளர்களை அமர்த்துவது எனப் பேரவைக்கு உரியவற்றை வரிசையாக எழுதி, இறுதியில் ஒரு வரி சேர்த்தேன்: "இவற்றை நிறைவேற்றத் தேவையான பிற செயல்களையும் பேரவை செய்யலாம்." அந்த வரி இல்லாமல் எந்தச் சபையும் ஒரு வாரம்கூட நடக்காது. கூட்டத்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதற்குக்கூட அதிகாரம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

குழுமத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குறிப்பேடு உண்டு. எழுதியவரைத் தவிர வேறெவரும் அதைக் காண இயலாது. கடைசி மாதங்களில், மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி கைப்பேசியில் அவள் அதில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கடவுச்சொல் அவளோடு போயிற்று. பேரவை ஆணையிட்டால் தளத்தைப் பராமரிப்பவர் அதைத் திறந்துவிடலாம்.

என் விண்ணப்பம் இரண்டு பக்கம். உறுப்பினரின் ஆய்வைப் பேணுவது குழுமத்தின் நோக்கம். திறக்காத ஏடு பேணப்பட்ட ஏடாகாது. ஆகவே திறப்பது தேவையான பிற செயல்களுள் அடங்கும். வகுப்பில் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். இருந்தும் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

இரண்டே நாளில் எட்டுப் பேர் இசைவு தெரிவித்தார்கள். ஒவ்வொரு பதிலிலும் ஆறுதல் வார்த்தைகள் இருந்தன. ஒன்பதாவது பதில் மட்டும் வேறாக இருந்தது: "நான் இதற்கு உடன்படவில்லை. காரணத்தை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன்." எழுதியவர், எம்.புதுப்பட்டி என்ற ஊருக்கு அருகே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன் வேலை பார்க்கும் பெண்மணி. நாற்பது வயதைக் கடந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். வேலிக்காலில் பூத்த பீளைப்பூவைப் படமெடுத்துப் போட்டுக் குழுமத்துக்குள் வந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் காணொளிக் கூட்டம். விண்ணப்பித்தவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். தலைவர் திருத்தங்கலில் அச்சகம் நடத்துபவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. தீர்மானத்தை வாசித்துவிட்டு, போர்மேன் அம்மாவை அவர் சற்றுச் சீண்டினார்.

"ஏம்மா, சார் என்ன வெடிமருந்தா கேக்காரு? பொண்டாட்டி எழுதுனதப் படிக்கக் கேக்காரு."

"உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி" என்றார் அவர். சிரிக்கவில்லை.

பிறகு நிதானமாகப் பேசினார். "எங்க கம்பெனில ஒவ்வொரு ரூம் செவுத்துலயும் எழுதிருக்கும், உள்ள என்ன வேல, எத்தன பேருன்னு. நாலு பேருன்னா நாலு பேருதான். சீசன் நேரத்துல ஆர்டர் நெருக்கும். பாவம், வேல முடியலையேன்னு அஞ்சாவதா ஒருத்தி ஒத்தாசைக்கு வருவா. கெட்ட எண்ணமே கெடையாது. நான் அவள வெளிய அனுப்புவேன். நாம இப்பம் அந்த அஞ்சாவது ஆளு. நல்ல மனசோடதான் வாசல்ல நிக்கோம். ஆனா செவுத்துல நமக்கு எடம் எழுதல."

உறுப்பினர் ஒருவர், கடைசி வரி அதற்காகத்தானே இருக்கிறது என்று கேட்டார்.

"அந்த வரி அந்தந்த ரூம் வேலைக்குங்க. பசை தீந்தா பசை எடுத்துக்கலாம். வெளிச்சம் பத்தலன்னா சன்னலத் தெறக்கலாம். அத வச்சுக்கிட்டு அடுத்த ரூம் பூட்ட ஒடைக்க முடியாது."

உணர்த்தப்பட்ட அதிகாரம் என்று பாடநூல்கள் சொல்வதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். கொடுத்த வேலையைச் செய்வதற்கான சிறு வழிகள் சொல்லாமலே உடன் வரும். கொடுக்காத வேலை ஒருபோதும் அப்படி வராது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வார வகுப்புகள் தேவைப்பட்டன. அவர் பசையையும் சன்னலையும் பூட்டையும் வைத்து முடித்துவிட்டார். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றியது ஒன்று உண்டு. எட்டுப் பேர் இரக்கத்தின் பக்கம் நின்றபோது, துக்கத்திலிருக்கும் ஒருவனின் முகத்துக்கு நேரே, குரலை உயர்த்தாமல், இல்லை என்று சொல்ல அவரால் முடிந்தது. தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தொழிலில் கண்டறிந்தவர்களுக்கே அந்த நிதானம் வாய்க்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி அந்தக் கடைசி வரியை ஒருமுறை உரக்க வாசித்தார். பிறகு என்னைக் கேட்டார். "சார், அந்த வரிய எழுதுனதே நீங்கதான். அதுல இது அடங்குமா அடங்காதா? நீங்க சொன்னா அதுதான் முடிவு."

அடங்கும் என்று சொன்னால் போதும். அன்று மாலைக்குள் அவளுடைய கடைசிச் சொற்கள் என் கையில் இருந்திருக்கும். என் வழக்கில் என்னையே நீதிபதியாக அமர்த்திவிட்டார்கள். திரையின் ஒரு மூலையில் போர்மேன் அம்மா தலை குனிந்திருந்தார். நான் பதில் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று புரிந்தது.

"அடங்காது" என்றேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் சொன்னேன்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் போர்மேன் அம்மாவே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: தமக்குப் பின் குறிப்பேட்டை யார் படிக்கலாம் என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் தாமே குறித்துவைக்கலாம். அது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். முறைப்படி அப்படித்தான் இருக்க முடியும்.

ஆனால் அதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மறுநாள் மதியம், அவர் என்னை அழைத்தார். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது. சாப்பாட்டு நேரத்தில் வெளி வாசலுக்கு நடந்து வந்து பேசினார்.

"சாப்பிட்டீகளா சார்? எம் மேல கோவமா இருக்கீகளா?"

இல்லை என்றேன். அவர் செய்தது சரி என்றேன்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? டீச்சரம்மா எல்லாரும் படிக்கன்னு அம்புட்டு எழுதி வச்சிருக்காங்கள்ல. அத நீங்க படிச்சிட்டீகளா?"

நான் படித்ததில்லை. பல நூறு பதிவுகள், உலகில் எவரும் படிக்கும்படி திறந்தே கிடந்தவை. செடிகளைப் பற்றியவை என்பதால் நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பூட்டிய ஒன்றுக்காக இரண்டு பக்கம் வாதாடியவன் நான். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்று முதல் வரிசையாகப் படித்து வருகிறேன். காலையில் நான்கைந்து. இலை, தண்டு, விதை, மண், கண்ட இடம். அவளுடைய தமிழ் என்னுடையதைவிடச் சுருக்கமானது. சென்ற வாரம், சூலக்கரையில் ஆட்சியர் அலுவலக மதிலோரம் எடுத்த நெருஞ்சிப் படம் ஒன்று வந்தது. ஓய்வூதியச் சான்று ஒன்றுக்காக நான் உள்ளே வரிசையில் நிற்க, அவள் வெளியே காத்திருந்த நாள் அது. படத்தில், கொடியின் நீளத்தைக் காட்டுவதற்காக, அருகே என் மூக்குக் கண்ணாடிக் கூடு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கூட்டைக் காணவில்லை என்று அன்று பேருந்து நிறுத்தம் வரை அவளைக் கடிந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தபின் அவளுடைய பையிலிருந்துதான் அதை எடுத்துக் கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. பதிவின் அடியில் அளவை மட்டும் குறித்திருக்கிறாள்: கூடு, பதினாறு சென்டிமீட்டர்.