முப்பது டிக்

ஸ்கூட்டரை ஓட்டினது அவள். பின்னால் உட்கார்ந்திருந்தது சலூன் வைத்திருக்கிற அவள் புருஷன். ஈரத்தில் சறுக்கி இரண்டு பேரும் விழுந்ததில் அவளுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுக்கு வலது முழங்கை சுக்குநூறு. "என் கை உடைஞ்சிருக்கக் கூடாதா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கட்டு பிரித்ததும் பிசியோ மேடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் கையை முப்பது தடவை மடக்கி நீட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட வேண்டும், ஒரு மாதம் கழித்து வர வேண்டும். முடிவெட்டுகிறவனுக்கு முழங்கை மடங்காவிட்டால் கத்திரியை யார் தலைக்குக் கொண்டுபோவது? கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவனோ மூணாவது தடவையிலேயே பல்லைக் கடிப்பான். இவள் உடனே அவன் கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். "போதும் விடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பாள். ஆனால் டிக் மட்டும் முப்பதும் விழுந்துவிடும், பாவி! சோறு ஊட்டினாள், பட்டன் போட்டாள், தலை சீவிவிட்டாள். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு கிடைத்திருக்காது.

ஒரு மாதம் கழித்து மேடம் அளந்து பார்த்தார். கை இம்மிகூடக் கூடுதலாக மடங்கவில்லை. நோட்டில் டிக் எல்லாம் அச்சடித்த மாதிரி வரிசையாக இருந்தது.

"கழுத்துப் பட்டன் யாரும்மா போட்டது?"

திருதிருவென்று முழித்தவள் உடைந்துபோனாள். "நான்தான் மேடம். டிக்கும் நான்தான். முதல்ல கீழ தள்ளி உடைச்சேன், இப்போ பாவம் பார்த்தே கெடுத்துட்டேன்."

மேடம் திட்டவில்லை. "இன்னும் கைமீறிப் போகலை. ஆனா இனிமே நீங்க தொடவே கூடாது" என்றவர், பட்டனைக் கழற்றிவிட்டு அவனைப் போடச் சொன்னார்.

கை பாதி வழியிலேயே நின்றது. அவன் நெற்றியெல்லாம் வியர்த்தது. அவள் தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"நானும் பொய்தான் சொன்னேன்" என்றான் அவன், பட்டனைத் தேடிக்கொண்டே. "மூணாவதுலயே அவ்வளவு வலிக்காது. இருபது வரைக்கும் தாங்கியிருப்பேன்."

"அப்புறம் ஏங்க?"

"எனக்கு ஏதாவது செஞ்சுக்கிட்டிருந்தாத்தான் நீ அழாம இருந்த."