மேல் சிலிண்டரை யாரும் தொடவில்லை

மூன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டே மாதத்தில் அந்த வீட்டுப் பழைய காருக்கு மாற்றிய கீழ் சிலிண்டர்கள் மூன்று.

கிளட்சுக்கு இரண்டு சிலிண்டர் உண்டு. மேல் சிலிண்டர் பெடலுக்கு மேலே, எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். காலால் மிதித்தால், பெயிண்டைக்கூடக் கரைக்கும் ஆயிலைக் கீழே தள்ளும். கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸ் பக்கத்தில் சேறும் சூடும் தின்றுகொண்டு, தள்ளிவிட்டதற்கெல்லாம் உழைக்கும்.

மாற்றியவர் ஓர் ஆலையின் மேற்பார்வையாளர். தெருவில் அவருக்குப் பெயர் 'மெமோ'. இருபத்தாறு வருட சர்வீஸில் எந்தக் கோளாறுக்கும் அவர் கண்ட காரணம் ஒன்றுதான்: கீழே இருப்பவன். மின்சாரம் போனால் வாசல் காவலாளிக்கு மெமோ. மேலே யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

அவர் மனைவிக்குத்தான் அந்த கார் வேண்டியிருந்தது. மருந்துக் கடை ஒன்றில் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, லைசென்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

அவள் இரண்டு தடவை தேர்வுக்குப் போனாள். முதல் தடவை நிறுத்தக் கோட்டில் கிளட்சை முழுசாக மிதித்தும் கார் நகர்ந்து கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டியது. இரண்டாம் தடவை ரிவர்ஸ் கியர் கறகறவென்று கத்தியதே தவிர விழவில்லை. மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை.

"ஏங்க, பெடல் மிதிக்கிறப்ப என் கால் நனையுதுங்க."

"மழைத் தண்ணியா இருக்கும்."

"கால்விரல் நகப்பூச்சு கரைஞ்சு போச்சே. மழை கரைக்குமா?"

"மட்டமான பூச்சு வாங்கினா அப்படித்தான். நீ மிதிக்கிற வேலைய மட்டும் பாரு."

எட்டு மாதமாக அவள் வேலை அதுதான். அவர் காருக்கு அடியில் படுத்து "அழுத்து, பிடி, விடு" என்று அதிகாரம் செய்வார். ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அவள் மிதிப்பாள். புதுக் கீழ் சிலிண்டர் மாட்டி, ஆயில் நிரப்பிக் காற்றை எடுத்ததும் கிளட்ச் இரண்டு வாரம் ஒழுங்காக வேலை செய்யும். அந்த இரண்டு வாரமும் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். கீழே துளி ஈரம் இல்லையே என்று அவள் கேட்டபோது, "சூட்டுல காய்ஞ்சிடும்" என்றார்.

புதன்கிழமை காலை பெடல் மறுபடி தரை தட்டியது. நான்காவது கீழ் சிலிண்டர் கேட்டு இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சிரிப்பை அடக்கவில்லை.

"வாங்கண்ணே. மாசச் சந்தா கட்டிடுங்களேன், நானே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"தரமில்லாத சரக்கை விக்கிறீங்க, பேச்சு வேற."

அவர் நான்காவதையும் வாங்கிக்கொண்டு முறைத்தபடி வெளியே போனார். அவள் கடைக்காரரிடம் மெதுவாக, "அண்ணே, மேல் சிலிண்டர் ஒண்ணு எடுத்து வைங்க. சாயங்காலம் வர்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கார் ஷெட்டில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள்.

"புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை காத்து எடுத்துப் பாப்போம். இன்னைக்கு நீங்க மேல உக்காருங்க. நான் கீழ போறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்க இடுப்பு பாவம்ல."

இடுப்பின் மேல் அவருக்கு இருந்த கரிசனம் ஜெயித்தது. வெள்ளை சாக்ஸோடு சீட்டில் சாய்ந்தார். அடியிலிருந்து குரல் வந்தது.

"அழுத்துங்க. பிடிங்க. விடுங்க."

இருபதாவது மிதிப்பிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. முப்பதாவதில் கத்தினார்.

"ஏய்! என் சாக்ஸ் நனைஞ்சிருக்குடி!"

"மழைத் தண்ணியா இருக்கும்ங்க."

"ஷெட்டுக்குள்ள ஏதுடி மழை?"

குனிந்து, பெடல் தண்டோடு கையை மேலே கொண்டுபோனார். விரல்கள் நனைந்து வந்தன.

"மேலேர்ந்து ஒழுகுது..."

"அப்ப மேல இருக்கிறவருக்கு ஒரு மெமோ குடுங்க."

சாயங்காலம் சிலிண்டர் வந்தது. மேற்பார்வையாளர் பெடலுக்கடியில் தலையை நுழைத்து, காலிரண்டும் கதவுக்கு வெளியே உதைத்துக்கொள்ள, இரண்டு போல்ட்டோடு மல்லுக்கட்டினார். மனிதர் மேலே இருப்பதன் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. "டார்ச்சை நேரா பிடி" என்றார். "கண்ணைத் திறந்து பாருங்க" என்றாள்.

வியாழக்கிழமை கார் நிறுத்தக் கோட்டில் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அவள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மெமோ தெருமுனையில் நின்று தெருக்காரர்களிடம், "நான் மட்டும் கண்டுபிடிக்கலேன்னா" என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார். அவள் ஹார்ன் அடித்து அவரை ஒதுங்கச் சொன்னாள்.

மாற்றிய மேல் சிலிண்டர்: ஒன்று.