சுத்துவழிக்காரியின் தங்க அட்டை

நேராகப் போகிற விமானம் இருக்கும்போது இரண்டு இடத்தில் இறங்கி ஏறிப் போகிறவளை உலகம் சும்மா விடாது. அலுவலகத்தில் அவளுக்குச் சுத்துவழி என்று பெயர் வைத்திருந்தார்கள். "சுத்துவழி வந்தாச்சா, இல்ல இன்னும் ஏதாவது ஏர்போர்ட்ல உலாத்திக்கிட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சர்வீஸ் பிரிவில் காலை டீயே குடிப்பார்கள். அவள் காதில் விழுந்தாலும் கோபப்படமாட்டாள். "உலாத்தினா உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்கான உதிரிபாகங்களை எடுத்து வைக்கப் போய்விடுவாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. கம்பெனி விற்ற மெஷின் எந்த ஊரில் நின்றுபோனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் கணவர் படுத்திருந்தார். உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். ஒருநாள் சாரத்தோடு சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது. அவர் பெல்ட் மாட்டவில்லை என்றார் காண்ட்ராக்டர். மாட்டுவதற்கு அங்கே பெல்ட்டே தரப்படவில்லை என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். காண்ட்ராக்டர் சொன்னதுதான் எழுத்தில் ஏறியது. ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் ஒருவர், "எல்லாம் விதிம்மா" என்று ஆரம்பித்தார். "விதி இல்ல சித்தப்பா, பெல்ட்டு" என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை.

அவரால் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. படுத்திருக்கலாம், அதுவும் அவ்வப்போது யாராவது புரட்டிவிட்டால். ஒரே மகள் வேலை கிடைத்து, பத்து மணி நேரம் பறந்து போகிற தூரத்தில் இருந்தாள். அங்கேயே மணமுடித்தாள். இப்போது தலைப்பிரசவம். "அப்பா பக்கத்துல இருக்கணும்மா" என்று ஒவ்வொரு போனிலும் சொன்னாள்.

உட்கார முடியாத மனிதன் பறப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஸ்ட்ரெச்சர் கேட்டால், பல இருக்கைகளைக் கழற்றி இடம் பண்ணுவதாகச் சொல்லி அத்தனைக்கும் விலை கேட்பார்கள். இல்லையென்றால் விமானத்தின் முன்பகுதியில், கட்டில்போல் மடங்கும் இருக்கையை வாங்க வேண்டும். அந்த விலையை அவள் சம்பளம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முதுகு ஒடிந்தவன் படுப்பதற்குக் கொடுக்கும் விலையும், முதலாளி சொகுசாகக் குறட்டை விடுவதற்குக் கொடுக்கும் விலையும் ஒன்றே என்பதை யாரும் அநியாயமாக நினைப்பதில்லை. சந்தை அப்படித்தான் என்கிறார்கள். சந்தை என்ன மழையா, தானாகப் பெய்வதற்கு?

அடிக்கடி பறப்பவர்களுக்குக் கம்பெனிகள் தரும் பாயிண்டுகளைச் சேர்த்து அந்தக் கட்டில் இருக்கையை வாங்கும் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவர் கணவர்தான். படுத்த படுக்கையில் மாதக்கணக்கில் விமானக் கம்பெனிகளின் விதிமுறைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, உன் டிக்கெட்ல விலைக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்குமே, அதைச் சொல்லு."

அவள் சொன்னாள்.

"நெனச்சேன். இருக்கறதுலயே மட்டமான எழுத்து. இதுக்கு அவன் ஒரு பாயிண்டும் தரமாட்டான். ஆனா அவனோட கூட்டாளிக் கம்பெனி ஒண்ணு இருக்கு. அதுல மெம்பராகி அந்த நம்பரைக் குடுத்தா இதே டிக்கெட்டுக்குப் பாதி பாயிண்ட் விழும்."

"அந்தக் கம்பெனி விமானத்தை நான் கண்ணாலகூடப் பாத்ததில்லைங்க."

"பாக்க வேண்டாம். மெம்பரானாப் போதும். கல்யாணத்துக்குப் போகாம தாம்பூலப் பை மட்டும் வாங்கிக்கற மாதிரி."

இப்படித்தான் அவள் ஒருநாளும் ஏறாத விமானங்களின் விசுவாசமான வாடிக்கையாளர் ஆனாள். பாயிண்டுகள் மெல்லச் சேர்ந்தன. ஆனால் கட்டில் இருக்கைகளைப் பாயிண்டுக்குக் கொடுக்கும்போது அதிகம் பறந்து தங்க அட்டை வாங்கிய உறுப்பினர்களுக்கே முதலில் திறந்துவிடுவார்கள். மற்றவர்கள் முறை வருவதற்குள் அவை தீர்ந்துவிடும். தங்க அட்டைக்கோ தூரம் கணக்கில்லை, வருடத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்பதே கணக்கு. வருடம் முடிந்தால் எல்லாம் பூஜ்யம். சுத்துவழி என்ற பெயர் வந்த கதை இதுதான். விலை ஒன்றாக இருக்கும் இடத்திலெல்லாம் அவள் மாறி மாறிப் போகும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கினாள். அதனால் ஆகும் கூடுதல் நேரத்தைத் தன் விடுமுறை நாளிலிருந்து கொடுத்தாள்.

வருடக் கடைசியில் தங்க அட்டைக்கு ஒரே ஒரு பயணம் பாக்கி, போகவும் வரவும். தூரத்து மலையூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சென்ட்ரிஃபியூஜ் ஆட்டம் கண்டுவிட்டது. ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களை வேகமாகச் சுழற்றித் தெளிநீரையும் அணுக்களையும் பிரிக்கிற மெஷின் அது. மேனேஜர் அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனை அனுப்ப முடிவு செய்திருந்தார்.

"மலைப்பாதைம்மா. பொம்பள தனியா எதுக்கு அலையணும்னுதான்."

"இதுவரைக்கும் அலைஞ்சப்பல்லாம் நான் யாரா இருந்தேன் சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லது எதுன்னு எனக்குத் தெரியும் சார். போன தடவை அந்த மெஷினைப் பிரிச்சது நான். திரும்பவும் நான்தான் பிரிக்கணும்னு ஆஸ்பத்திரிக்காரங்களே கேட்டிருக்காங்க. இல்லைன்னு சொல்றதா இருந்தா காரணத்தோட மெயில் போடுங்க. பொம்பளங்கறதையும் அதுல எழுதுங்க."

மேனேஜர் எழுதவில்லை. அவளே போனாள்.

மெஷினின் ஒரு கால் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. ரசமட்டத்தில் குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது. மாற்றுத் திருகு வரும்வரை மெஷினை நிறுத்தி வைக்க முடியாது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கையில் கிடைத்த கெட்டி அட்டையை நாலாக மடித்து அந்தக் காலுக்கடியில் செருகினாள். குமிழி நடுவுக்கு வந்தது. மெஷின் முனகாமல் சுற்றியது. கை கழுவிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பிய பயணம் கணக்கில் ஏறியது. போன பயணம் ஏறவில்லை. கவுண்ட்டரில் அவள் உறுப்பினர் எண்ணைப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். போர்டிங் பாஸின் படத்தை அனுப்பினால் பரிசீலிப்போம் என்றது கூட்டாளிக் கம்பெனி.

"போட்டோ எடுக்கலையா?" என்றார் கணவர்.

"இல்லைங்க."

"பாஸ் எங்க?"

"மெஷின் காலுக்கு அடியில."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். முதுகு வலித்ததால் பாதியில் நிறுத்தினார். "ஆக, என் கட்டிலு அந்த மெஷினுக்கு முட்டுக்குடுத்துக்கிட்டு நிக்குது" என்றார்.

"சிரிங்க. நான் விடப்போறதில்ல."

ஆஸ்பத்திரி லேப்காரரை போனில் பிடித்தாள்.

"அண்ணே, நான் செருகின அட்டையை எடுத்து ஒரு போட்டோ வேணும்."

"அதை எடுக்கவே கூடாதுன்னு நீதானேம்மா சொல்லிட்டுப் போனே? இப்ப அதுமேல எட்டுப் பேரோட ரத்தம் சுத்திக்கிட்டிருக்கு."

"நிக்கட்டும். நின்னதும் எடுங்க. அதே கனத்துல மருந்து டப்பா அட்டையை வெட்டி வைங்க. குமிழி நடுவுல வந்தப்புறம் ஓட்டுங்க."

"இந்த அட்டையில அப்படி என்னதான்மா இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு இருக்காரு."

படம் வந்தது. மடிப்பும் எண்ணெய்க் கறையுமாக இருந்த பாஸில், மெஷின் கால் அழுத்திய வட்டம் பெயர்மேல் விழுந்திருந்தது. பெயர் தெளிவாக இல்லை என்று கூட்டாளிக் கம்பெனி கைவிரித்தது. அவள் மறுபடி எழுதினாள். திரும்பிய பயணம் இருக்கிறது, போகாமல் எப்படித் திரும்புவேன் என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். போன் செய்து, பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, பேசியவர் இன்னொருவருக்கு மாற்ற, அவரிடம் ஆதியிலிருந்து சொன்னாள். குரல் உயரவில்லை, அலுப்பில் போனை வைக்கவுமில்லை. கடைசியில் அவர்களுக்குத்தான் அலுத்தது. வருடம் முடிவதற்குள் பயணம் ஏறியது. தங்க அட்டை வந்தது.

பாயிண்டுகள் ஒரே ஒரு கட்டில் இருக்கைக்குத்தான் கட்டுப்படியாயின. அதில் அவர். கடைசி வரிசையில் காசு கொடுத்து வாங்கிய சாதாரண இருக்கையில் அவள். விமானம் மேலே போய் நிலைப்பட்டதும் எழுந்து முன்னால் நடந்தாள். திரைக்கு முன்னால் பணிப்பெண் மறித்து நின்றாள்.

"இந்தப் பக்கம் அவங்களுக்கு மட்டும்தான் மேடம். உங்க சீட்டுக்குப் போங்க."

"உள்ள படுத்திருக்கறது என் வீட்டுக்காரரு. மணிக்கொரு தரம் புரட்டிவிடணும். இல்லைன்னா இறங்கறப்ப முதுகெல்லாம் புண்ணாயிடும்."

"ரூல்ஸ் மேடம்."

"சரி. எப்படிப் புரட்டணும்னு காட்டித் தர்றேன். நீங்க செய்யுங்க. இடுப்புக்குக் கீழ கை குடுத்து, உங்க முழங்காலை முட்டுக்குடுத்து, ஒரே மூச்சுல புரட்டணும். நிறுத்தினா அவருக்கு வலிக்கும்."

பணிப்பெண் அவளையும் திரையையும் பார்த்தாள். "மணிக்கொரு தரமா? இறங்கற வரைக்குமா நடப்பீங்க?"

"இறங்கற வரைக்கும்."

பணிப்பெண் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். மனைவி இடுப்புக்குக் கீழே கை கொடுத்ததும் கண் விழித்தார்.

"எங்கம்மா இருக்கோம்?"

"கடலுக்கு மேல. தூங்குங்க" என்றாள் அவள். அவரைப் புரட்டிவிட்டுப் பின்வரிசைக்கு நடந்தாள்.