மூன்றாவது கொக்கு

தோவாவுக்கு வாய் நீளம் என்பது ஹனோயை ஒட்டிய அந்த அரக்குச் சித்திர ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் பல் இரண்டு போய்விட்டது, வாய் போகவில்லை. ஓவியர் கியெமின் பட்டறையில் பதினெட்டு வருஷமாகச் சித்திரம் தேய்க்கிறவள் அவள். அரக்குச் சித்திரத்தில் வரைவது பாதி வேலைகூட இல்லை. மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, தண்ணீர் விட்டுக் கரித்துண்டால் தேய்க்க வேண்டும். அடியில் புதைந்த வெள்ளித்தகடும் முட்டையோடும் அப்போதுதான் மேலே வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. ஒரு தேய்ப்பு கூடினால் போச்சு, போனது திரும்பாது.

கியெம் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார், அவ்வளவுதான். அப்புறம் பட்டறை வாசலைக்கூட மிதிக்க மாட்டார். காயாத பச்சை அரக்கு மேலே பட்டால் அவருக்கு முகம் வீங்கிவிடும். "அரக்கு ஆள் பார்த்துத் தின்னும், பேய் ஆள் பார்த்துப் பிடிக்கும்" என்பது அங்கே பழமொழி. பழகிய உடம்பை அரக்கு ஒன்றும் செய்யாது. பழகாத உடம்போடு அரக்கு ஓவியர் என்று பேர் வாங்கியவர் கியெம் ஒருத்தர்தான். நோகாமல் நோன்பு கும்பிடுகிற ஜாதி.

அவருடைய 'மழையில் மூன்று கொக்கு' படத்தை நகரத்து அருங்காட்சியகம் வாங்கியது. புத்தாண்டு விருந்தில், நாலு கோப்பை அரிசிச் சாராயம் உள்ளே போன பிறகு, "படத்துக்குக் கீழ உன் பேரும் இருக்கும் தோவா, இது என் வாக்கு" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டினார். அந்தச் சொல்லை நம்பித்தான், கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் ஊதா நிற நீளங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கண்காட்சித் திறப்பு நாளன்று தோவா அங்கே போய் நின்றாள்.

கீழ்த்தளம் முழுக்க நாட்டுக் கைவினை. பன்றி அச்சுப்படம், தண்ணீரில் ஆடும் மரப்பொம்மை, மூங்கில் கூடை. ஒவ்வொன்றின் கீழும் 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்ற அட்டை. நுண்கலை எல்லாம் மாடியில்.

"பேரில்லாதவன் கீழ, பேருள்ளவன் மேல. நல்ல ஏற்பாடுதான்" என்று முனகிக்கொண்டே தோவா படியேறினாள்.

படத்தின் கீழே அட்டையில் 'கியெம்' என்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். வேறு பேர் எதுவும் இல்லை.

கியெமோ பட்டுச் சட்டையில், கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "மூணாவது கொக்கைப் பாருங்க. பாதி உடம்பு மூடுபனியில கரையுது. அந்தக் கரைவுக்காக நான் ஒரு மாசம் தூங்கல."

அடப்பாவி மனுஷா! அந்தக் கொக்கு கரைந்ததே தோவாவின் தப்பால்தான். பக்கத்து வீட்டுக்காரியோடு ஜன்னல் வழியாகச் சண்டை போட்டுக்கொண்டே தேய்த்ததில் கொக்கின் முதுகு காணாமல் போய்விட்டது. "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று இதே கியெம் வாசலுக்கு வெளியே நின்று ஒரு வாரம் கத்தித் தீர்த்தார். அவள்தான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், கொக்கைச் சுற்றி உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பள்ளத்தை மூடுபனியாக்கினாள். தப்பும் அவளுடையது, பனியும் அவளுடையது. தூங்காதவர் மட்டும் இவராம்!

அப்போது அருங்காட்சியகத்து அதிகாரி யேன் என்ற சின்னப் பெண், "ஐயா, கீழ மேஜையில பச்சை அரக்கு வச்சிருக்கோம். ஒரே ஒரு பூச்சு பூசிக் காட்டுங்களேன்" என்று கேட்டாள். கியெம் கூட்டத்தோடு கீழே போய், பையிலிருந்து நைஸாகக் கையுறையை எடுத்தார்.

"ஏண்ணே, கையுறையா?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து தோவாவின் குரல் வந்தது. "அரக்குலயே பொறந்து வளர்ந்த கையாச்சே! விரலால தொட்டாத்தானே பதம் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். காமிராக்கள் திரும்பின. கியெம் அவளை ஒரு முறை முறைத்தார். வேறு வழியில்லாமல் வெறும் விரலை அரக்கில் தோய்த்துப் பலகையில் இழுத்தார். கைதட்டல் கேட்ட பூரிப்பில், வியர்த்த நெற்றியை அதே கையால் துடைத்தும் கொண்டார். தோவா நிம்மதியாக பஸ் ஏறினாள்.

மூன்றாம் நாள் காலையில் தலைக்கவசமும் முகமூடியுமாக ஒரு ஆள் அவள் வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முகமூடியைக் கழற்றினால் கியெம். முகம் ஆவியில் வெந்த மாவு உருண்டை மாதிரி உப்பி, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்.

"தோவா, உன் வீட்டு நட்சத்திரப்பழ மரத்துல கொஞ்சம் இலை குடு. கொதிக்க வச்சு முகம் கழுவணும். அரிப்பு உயிர் போகுது."

"மருந்துக்கடைக்குப் போறதுதானே?"

"எப்படிப் போறது? பெரிய ஓவியனை அரக்கு தின்னுச்சாம்னு ஊரே சிரிக்கும். ஞாயித்துக்கிழமை மறுபடியும் அருங்காட்சியகத்துல பேசணும்."

"இலைக்கென்ன, மரம் நிறைய இருக்கு. மொதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. அட்டையில என் பேர் வரட்டும்."

"உதவியாளர்னு போடச் சொல்றேன், போதுமா?"

"உதவியா? முட்டை ஓடு பொறுக்கிக் குடுத்தாளே உங்க பொண்டாட்டி, அதுக்குப் பேர் உதவி. நான் தேய்ச்சவ. தேய்ச்சவர்னு போடணும். அந்த மூணாவது கொக்கும் என்னுதுன்னு சொல்லணும். இல்லைன்னா சொறிஞ்சுக்கிட்டே போங்க."

கியெம் கன்னத்தைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்தார். மறுமுனையில் யேன்.

"ஆமாம்மா, அட்டையை மாத்தணும். தேய்ச்சவர்னு ஒரு வரி. மூணாவது கொக்கு அவங்க யோசனைதான். ஆமா, எங்க பட்டறைதான். பேரா? தோவா. முழுப் பேரா..."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, வீங்கிய கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தார்.

"உன் முழுப் பேரு என்ன தோவா?"

பதினெட்டு வருஷம். இந்தக் கேள்வியை அவர் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. "தாங் தி தோவா" என்றாள். பிறகு போனை அவர் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.